திரும்பிப் போகச் சொல்பவருக்கான கூலி: சாகசப் பயணங்களின் விலையும் மதிப்பும்

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு மலையேறுவது பணம் கட்டிச் செய்ய வேண்டிய காரியமாக என்றும் இருந்ததில்லை. பௌர்ணமி நாளில் தென்மாதிமங்கலத்திலிருந்தோ கடலாடியிலிருந்தோ பர்வதமலை ஏறுகிறவர் ஒரு கைத்தடியையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு புறப்படுவார். செங்குத்தான பாறையில் அடித்து வைத்திருக்கும் கடப்பாறைப் படிகளில் கால் வைத்து, இரும்புச் சங்கிலியைப் பிடித்து, ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் இருக்கும் மல்லிகார்ஜுனரைத் தரிசித்து இறங்கி, மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போய்விடுவார். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் இதேபோலப் பாறையில் இரும்புப் படிகளும் கம்பி வடமும் பதித்த பாதைகள் உண்டு; 'வியா ஃபெராட்டா' என்ற பெயரில் அவற்றில் வெளிநாட்டுப் பயணிகளைக் கட்டணம் பெற்று ஏற்றிச் செல்கிறார்கள். பாறையும் இரும்பும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அங்கே வாங்கும் பணத்துக்கு இடுப்புப் பட்டையும், வடத்தோடு பிணைக்கும் கொக்கியும், தலைக்கவசமும், மேகம் திரண்டால் "இன்று போக வேண்டாம்" என்று சொல்லும் ஒரு வழிகாட்டியும் கிடைக்கிறார்கள். பர்வதமலையில் அந்தப் பொறுப்பு முழுவதும் ஏறுகிறவர் தலையிலேயே இருக்கிறது. சாகசப் பயணங்களுக்குக் கேட்கப்படும் தொகை நியாயமானதா என்று ஆராய்வதற்கு இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடந்த சில ஆண்டுகளில் அப்படி ஆராய வேண்டிய தேவை நம் பக்கத்துக் குடும்பங்களுக்கும் வந்திருக்கிறது. கோடை விடுமுறைக்கு ஏலகிரியோடு நிறைவடைந்துகொண்டிருந்த வீடுகளில், இமாச்சலத்தின் பீர் பில்லிங்கில் குடைத்துணியில் பறக்கும் பாராகிளைடிங், ரிஷிகேஷில் மீள்கயிறு கட்டிக் குதிக்கும் பங்கி ஜம்பிங், லடாக்கில் மோட்டார் சைக்கிள் பயணம், நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடை என்றெல்லாம் பிள்ளைகள் பட்டியல் போடுகிறார்கள். சில ஆயிரத்தில் தொடங்கும் பட்டியல் சில லட்சங்களில் முடிகிறது. பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி விலை பற்றியதாகவும், பிள்ளைகள் சொல்லும் முதல் பதில் "வேறொரு கம்பெனியில் இன்னும் குறைவு" என்பதாகவும் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். கேள்வியில் தவறில்லை, அந்தப் பதில்தான் கவலை தருகிறது.

விலை எதனால் ஆனது என்பதைக் காண ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. 5,895 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தின் வழக்கமான பாதைகளில் கயிறோ பனிக்கோடரியோ இல்லாமல் நடந்தே உச்சியை அடைய முடியும் என்பதால், மலையேற்றப் பயிற்சி இல்லாதவர்களும் அதை நாடுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் தான்சானியப் பூங்கா நிர்வாகம் வெளிநாட்டவரிடம் நாளொன்றுக்கு 70 டாலர் பாதுகாப்புக் கட்டணமும், கூடாரத்தில் தங்கும் இரவொன்றுக்கு 50 டாலரும், மீட்புப் பணிக்கென 20 டாலரும், இவற்றின் மேல் 18 சதவீத வரியும் வாங்கிவருகிறது. ஏழு பகல், ஆறு இரவு என்று கணக்கிட்டால் 950 டாலருக்கு மேல், அதாவது 80,000 ரூபாய்க்கும் அதிகமான தொகை, முகவர் ஒரு காசு இலாபம் பார்ப்பதற்கு முன்பே அரசுக்குப் போய்விடுகிறது. எந்த நிறுவனமாக இருந்தாலும் இதில் பேரம் பேச முடியாது. எனவே ஒரு நிறுவனம் மற்றதைவிடப் பெருந்தொகை குறைத்துக் கேட்டால், அந்தக் குறைப்பு மூன்று இடங்களிலிருந்துதான் வர முடியும்: சுமை தூக்குவோரின் கூலி, உணவும் கருவிகளும், மலையில் தங்கும் நாட்களின் எண்ணிக்கை. முதலாவது அநியாயம், இரண்டாவது அவதி, மூன்றாவது ஆபத்து.

நாட்களைக் குறைப்பது ஏன் ஆபத்து என்பதற்கு மருத்துவக் காரணம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,500 மீட்டரைத் தாண்டியதும் காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் குறைவதால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தொடங்கலாம். இவற்றைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே உலை வைக்கும். 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு இரவும் உறங்கும் இடத்தின் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதும் மலை மருத்துவர்கள் பொதுவாக வகுத்திருக்கும் விதி. உடற்பயிற்சிக் கூடத்தில் திரட்டிய வலிமை இதற்கு ஈடாகாது. உடல் பழகுவதற்கு நாள்தான் தேவை, நாளுக்குப் பணம் தேவை.

இந்த விதியை நம் மாவட்டத்தில் பலர் வீட்டிலேயே கேட்டறிந்திருக்க முடியும். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு இராணுவப்பேட்டை என்றொரு பெயர் வழங்கும் அளவுக்கு அங்கே படையில் பணியாற்றியவர்கள் மிகுதி. லடாக்கில் பணியாற்றிய எந்த முன்னாள் படைவீரரைக் கேட்டாலும், மேல்நிலைக் காவலிடங்களுக்கு அனுப்புவதற்கு முன் தம்மைப் பல நாட்கள் லேயில் சும்மா இருக்க வைத்ததைச் சொல்வார். முதற்கட்ட உயரத்தில் ஆறு நாட்கள், அடுத்த கட்டங்களில் நான்கு நான்கு நாட்கள் என்பது இந்திய இராணுவத்தின் நடைமுறை. ஆனால் விமானத்தில் சென்று ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள லேயில் இறங்கி, ஓரிரு நாட்களில் 5,300 மீட்டருக்கு மேலான கர்துங் லா கணவாயில் புகைப்படம் எடுத்துக்கொள்ளச் செய்யும் ஐந்து நாள் பேக்கேஜ்கள் தாராளமாக விற்கின்றன. பயிற்சி பெற்ற வீரனுக்கு ஆறு நாட்கள், அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவருக்கு ஒன்றரை நாள் என்று கணக்கிடுவதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. படைவீரரான மாமா சம்பளம் வாங்கிக்கொண்டு போன இடத்துக்கு மருமகன் பணம் கட்டிப் போகிறான் என்பது வேடிக்கைதான். மாமாவிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனால் கட்டிய பணத்துக்குப் பயன் கூடும்.

மலிவின் ஆபத்து இவ்வளவென்றால், அதிக விலை கொடுத்தால் பாதுகாப்பு உறுதியாகிவிடுமா? ஆகாது என்பதற்கு 1996 மே 10 அன்று எவரெஸ்டில் நடந்ததே சான்று. அன்றைய புயலில் எட்டுப் பேர் இறந்தனர். அவர்களுள் இரு வணிகக் குழுக்களின் தலைவர்களான ராப் ஹாலும் ஸ்காட் ஃபிஷரும் அடக்கம். ஹாலின் குழுவில் சேர ஒருவருக்கு அந்நாளில் 65,000 டாலர் கட்டணம். உச்சியை எட்டாவிட்டாலும் பிற்பகல் 2 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று பேசப்பட்டிருந்தும், பலர் அந்த நேரத்துக்குப் பிறகும் ஏறிக்கொண்டிருந்தனர். அவ்வளவு பணமும் ஆண்டுக்கணக்கான ஆசையும் கொண்டு வந்தவரை, உச்சிக்கு ஒரு மணி நேரத் தொலைவில் நிறுத்தித் திருப்பி அனுப்புவது எளிதன்று. விலை ஏறும்போது அதற்கான துணிவும் வழிகாட்டிக்குக் குறைகிறது. சாகசப் பயணத்தில் நாம் உண்மையில் விலை கொடுத்துப் பெறுவது இந்த ஒன்றையே என்பது என் கருத்து: "திரும்புங்கள்" என்று சொல்லும் அறிவும், அதிகாரமும், அப்படிச் சொல்வதால் வருமானம் இழக்காத நிலையும் உள்ள ஒரு மனிதர். அவர் இருந்தால் விலை அதிகமானாலும் ஏற்கலாம். இல்லையென்றால் சல்லிசாகக் கிடைத்தாலும் அது வீண்செலவே.

டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காட்டுவதாக ஒருவரிடம் 2,50,000 டாலர் வாங்கிய டைட்டன் என்ற நீர்மூழ்கிக் கலம் 2023 ஜூன் 18 அன்று அட்லாண்டிக் கடலடியில் நொறுங்கி, அதிலிருந்த ஐவரும் இறந்தனர். கார்பன் இழையால் செய்யப்பட்ட அதன் உடற்பகுதியைச் சுதந்திரமான தரச்சான்று அமைப்பு எதுவும் சோதித்துச் சான்றளிக்கவில்லை. 2018-இலேயே துறை வல்லுநர்கள் கடிதம் எழுதி எச்சரித்திருந்தனர். பாதுகாப்புக் குறைகளைச் சுட்டிக்காட்டிய, அந்தக் கலத்தை இயக்கிய நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்தும், "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஆள் அந்தக் கலத்தின் பக்கத்தில் இல்லாமற்போனார்.

கோடிகளில் விற்கும் மற்றொரு பொருள் விண்வெளி. 2001-இல் அமெரிக்கச் செல்வந்தர் டெனிஸ் டிட்டோ ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவழித்து எட்டு நாட்கள் விண்வெளிக்குச் சென்று வந்தது தனிக்கதை. அதன் பிறகு விற்கப்பட்டது பெரும்பாலும் சில நிமிட எடையின்மை. விர்ஜின் கலாக்டிக் நிறுவனம் 2021-இல் ஓர் இருக்கைக்கு 4,50,000 டாலர் அறிவித்தது. அந்தப் பயணத்திலும் புளூ ஆரிஜின் நிறுவனத்தின் பத்து நிமிடப் பயணத்திலும் மிதக்கும் நேரம் மூன்று நிமிடங்களுக்குச் சற்று முன்பின்னாக இருந்தது. விமானத்தை வளைகோட்டுப் பாதையில் ஏற்றி இறக்கி, பெரும்பாலான வளைவுகளில் இருபது இருபத்தைந்து நொடிகள் எடையின்மையைத் தரும் பயணங்களும் அமெரிக்காவில் உண்டு. பதினைந்து வளைவுகளுக்கு மொத்தமாக ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் கிடைக்கிறது, விலையோ பத்தாயிரம் டாலரை ஒட்டியது. மிதப்பதுதான் ஆசை என்றால் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவான பணத்தில் அதைவிட நீண்ட நேரம் மிதக்கலாம். மீதித் தொகை கறுத்த வானத்துக்கும் வளைந்த அடிவானத்துக்கும், "போய் வந்தவர்" என்ற பெயருக்குமானது. அந்தப் பெயர் வேண்டுபவருக்கு அதில் குறையில்லை. ஆனால் எதற்குப் பணம் போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். (வானத்தின் மேல்தான் ஆசை என்றால், நம் ஜவ்வாது மலையின் காவலூரில் 1986-இலிருந்து இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் வளாகம் வாணியம்பாடியிலிருந்து பேருந்து தூரத்தில் இருக்கிறது.)

அண்டார்டிகாவுக்குச் செல்லும் கப்பல்களில் இதைவிட நுட்பமான கணக்கு இருக்கிறது. அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து புறப்படும் பத்து நாள் பயணத்தில், கொந்தளிப்புக்குப் பெயர்போன டிரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாட்கள், வர இரண்டு நாட்கள் கழிந்துவிடும். பயண நிறுவனங்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட விதிப்படி ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையிறங்கக் கூடாது. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து யாருமே இறங்கக் கூடாது. ஆகவே 400 பேர் செல்லும் கப்பலில் மலிவான அறை எடுத்தவர், தம் முறை வரும்வரை மேல்தளத்தில் நின்று பெங்குவின்களைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பார். நூறு பேர் மட்டுமே செல்லும் சிறிய கப்பலின் கட்டணம் கூடுதல்தான், ஆனால் கரையில் கழிக்கும் மணிநேரத்தால் வகுத்துப் பார்த்தால் அதுவே மலிவாக இருக்கவும் கூடும். பெரும்பாலான விளம்பரங்களில் அறையின் பரப்பளவு முதலில் இருக்கும், பயணிகளின் எண்ணிக்கை கடைசியில் இருக்கும்.

நம்மவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பவை இவை அல்ல. சில நொடிகளில் முடிந்துபோகும் சாகசங்களே. ரிஷிகேஷின் 83 மீட்டர் மேடையிலிருந்து குதிப்பவர் கீழ்நோக்கி விழும் நேரம் சில நொடிகள். விமானத்திலிருந்து பயிற்றுநரோடு பிணைக்கப்பட்டுக் குதிக்கும் ஸ்கைடைவிங்கில், 10,000 அடியிலிருந்து குதித்தால் பாராசூட் விரிவதற்கு முன் அரை நிமிடமும், 13,000 அடிக்கு மேலிருந்து குதித்தால் ஒரு நிமிடத்தை ஒட்டியும் கிடைக்கும். கையில் கேமரா கட்டிய பயிற்றுநர் எடுக்கும் காணொளிக்குத் தனிக் கட்டணம் கேட்கப்படுவதும் உண்டு. இவற்றை நான் இழிவாகச் சொல்லவில்லை. பயம் தெளிய ஒருமுறை குதிக்க நினைப்பவர் குதிக்கட்டும். ஆனால் இந்த வகையில் பயணி செய்யும் வேலை ஒன்றுமில்லை. அவர் பொதிபோல் கட்டிக் கொண்டுசெல்லப்படுகிறார், அனுபவம் முடிந்ததும் கையில் எந்தத் திறனும் மிஞ்சுவதில்லை. இரண்டாம் முறை குதிக்க வேண்டுமானால் மறுபடியும் முழுக் கட்டணம்.

அதே பணத்துக்குக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பீர் பில்லிங்கில் பயிற்றுநரின் மடியில் உட்கார்ந்து இருபது நிமிடம் பறப்பதற்குப் பதில், சிறு குன்றுகளில் தாமாகவே துணியை விரித்து எழும்பி இறங்கக் கற்றுத்தரும் சில நாள் அடிப்படைப் பாடத்தில் சேரலாம். புதுச்சேரியில் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலில் முதல்முறை ஸ்கூபா முழுகுபவரைப் பயிற்றுநர் 12 மீட்டர் ஆழத்துக்குள் பிடித்தபடியே அழைத்துச் சென்று வருவார். அங்கேயே மூன்று நான்கு நாள் பாடத்தை முடித்தால் 18 மீட்டர் வரை துணையோடு முழுகும் சான்றிதழ் கிடைக்கிறது, அது உலகெங்கும் செல்லுபடியாகும். (முழுகிவிட்டு அன்று மாலையே நேராக ஏலகிரிக்கு வண்டி ஏற்றிவிடக் கூடாது என்பதை மட்டும் வேலூர் பக்கத்தார் நினைவில் வைக்க வேண்டும். விமானப் பயணத்துக்கு முன் 12 முதல் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் விதி, 2,000 அடிக்கு மேற்பட்ட மலைச்சாலைக்கும் பொருந்தும். ஏலகிரி 3,000 அடிக்கு மேல்.) மலையேற்றத்தில் இன்னும் சிறந்த பேரம் அரசிடமே இருக்கிறது: 1954-இல் தொடங்கிய டார்ஜிலிங் இமாலய மலையேற்ற நிறுவனமும், 1965-இல் தொடங்கிய உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனமும் நடத்தும் ஏறத்தாழ நான்கு வார அடிப்படைப் பயிற்சிக்கு இந்தியர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. தங்குமிடம், உணவு, கருவி, பயிற்சி எல்லாம் சேர்த்து நாள்கணக்கில் வகுத்தால் தனியார் பேக்கேஜ் எதுவும் அருகில் வர முடியாது. நான்கு வாரம் விடுப்பு யார் தருவார் என்பதுதான் சிக்கல்; கல்லூரி மாணவருக்கு அந்தச் சிக்கலும் இல்லை.

உள்ளூர் மலைகளுக்கு வருவோம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான், தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. அதுவரை சமூக ஊடகத்தில் குழு சேர்த்து, வனத்துறையின் ஒப்புதல் உண்டா இல்லையா என்று பார்க்காமல் சனிக்கிழமை இரவு வேன் பிடித்துப் போவது வழக்கமாக இருந்தது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் எளிது, மிதம், கடினம் என்று பிரிக்கப்பட்டு, கட்டணத்தோடு, மலைக் கிராம இளைஞர்களின் வழிகாட்டலோடு திறக்கப்பட்டன. திருப்பத்தூர் மாவட்டத்தின் ஏலகிரி சுவாமிமலைப் பாதையும் அவற்றுள் ஒன்று. "சும்மா ஏறிக்கொண்டிருந்த மலைக்கு இப்போது காசா?" என்று சலித்துக்கொண்டவர்கள் நம் ஊரிலும் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. அந்தக் கட்டணத்தில் எந்த ஓடையில் நீர் இருக்கும், எந்தப் புதர்க்காடு மாசியில் தீப்பிடிக்கும் என்று அறிந்த ஒருவரின் நாள்கூலி இருக்கிறது. தீக்காலத்தில் பாதையை மூடிவிடும் அதிகாரமும் அதோடு வருகிறது. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையில், பாதை திறந்திருந்தாலும் பகலில் ஏறாமலிருப்பதே நல்லது.

முகவரிடம் கேட்க வேண்டியவற்றுள் முதன்மையானது, வானிலை காரணமாகப் பயணம் நின்றால் பணம் என்னவாகும் என்பது. காற்று மிகுந்த நாளில் பறக்க மறுத்தால் அன்றைய கூலியை இழக்கும் பாராகிளைடிங் ஓட்டுநர், பறக்கலாமா வேண்டாமா என்ற எல்லைக்கோட்டில் இருக்கும் காற்றில் பறக்கவே விரும்புவார். மறுநாளுக்கு மாற்றித் தருவதாகவோ பணத்தைத் திருப்புவதாகவோ எழுத்தில் உறுதி தரும் நிறுவனம், தன் ஓட்டுநருக்கு மறுக்கும் உரிமையையும் சேர்த்தே தருகிறது. நேபாளத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது: அடக்கவிலைக்கும் குறைவாகப் பயணத்தை விற்ற சிலர், சாதாரணத் தலைவலிக்கெல்லாம் பயணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றி, காப்பீட்டுப் பணத்தில் பங்கு பார்த்தது 2018-இல் நடந்த அரசு விசாரணையில் வெளிப்பட்டது. விலை குறைந்ததாகத் தோன்றிய இடத்தில் பணம் வேறு வாசலால் போயிருக்கிறது.

கடன் வாங்கிப் போவது பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு லட்சம் ரூபாயை 14 சதவீத வட்டிக்கு மூன்று ஆண்டுத் தவணையில் எடுத்தால் மாதம் 6,800 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 46,000 ரூபாய். அந்த வட்டித் தொகையிலேயே ஸ்கூபா பாடத்தை முடித்துவிடலாம் என்று நினைக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. வெளிநாட்டுப் பேக்கேஜ்களில் விலையோடு சேர்த்து, விற்பவரே அரசுக்காக முன்கூட்டி வசூலிக்கும் டி.சி.எஸ். என்ற வரித்தொகை செலவல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ கூடியது. ஆனால் அதற்காக அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேரலாம் என்பதால் கையிருப்பைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, விமானச் சீட்டோடு சில நூறு ரூபாய்க்குச் சேர்த்துத் தரப்படும் சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவும் சாகச விளையாட்டுகளை விலக்கியே வைத்திருக்கின்றன. தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் அபாயகரமான விளையாட்டு என்ற விலக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் அத்தகைய பழக்கம் உண்டா என்று கேட்டிருந்து, இல்லை என்று எழுதியிருந்தால் பிறகு குடும்பத்துக்குச் சிக்கலாகும். மலையேற்றத்துக்கென்றே விற்கப்படும் பாலிசிகளிலும் உயர வரம்பு ஒன்று உண்டு, ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா என்ற வரியும் தனியாக இருக்கும். வரம்பு 4,000 மீட்டர் என்று எழுதியிருந்தால், 5,364 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் அடிவார முகாமில் மூச்சுத் திணறுபவருக்கு அந்தப் பாலிசியிலிருந்து ஒரு ரூபாயும் வராது.